டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, ஜெனரேட்டர் ஓடவில்லை: கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

இரவு ரத ஊர்வலம் தோட்டத்து முச்சந்தியைத் தாண்டும்போது விளக்குகள் ஒருமுறை மங்கும். பிறகு கண் கூசும்படி எரியும். மறுபடியும் மங்கும். ரதத்திற்குப் பின்னால் இழுத்து வரப்படும் ஜெனரேட்டரின் சத்தம் ஏறி இறங்கி, மூச்சு வாங்கி, கடைசியில் நின்றே போகும். இருட்டில் நாதஸ்வரம் மட்டும் தொடரும். ஆலய நிர்வாகத்தில் யாராவது ஒருவர் டேங்க் மூடியைத் திறந்து கைபேசி வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பார். பெட்ரோல் பாதிக்கு மேல் இருக்கும்.

தோட்டத்துத் திருவிழாக்களுக்குப் போய்வருகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. இரவுச் சந்தையில் கடை போடுகிறவர்களுக்கும், லாரியில் உணவு விற்கிறவர்களுக்கும், வெள்ளக் காலத்தில் மின்சாரம் நிறுத்தப்பட்ட வீடுகளுக்கும் இதே கதைதான். எண்ணெய் இருக்கிறது, இயந்திரம் ஓடவில்லை. அடுத்த நாள் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பெரும்பாலும் ஒரே பதில் வரும்: "கார்புரேட்டர் போச்சு அண்ணே, புதுசு மாத்திடலாம்." சில நேரம் அது உண்மை. பல நேரம் கார்புரேட்டருக்குள் ஒரு சிறு துளை அடைத்திருக்கும், அவ்வளவுதான். அதற்கும் குறைவாக, டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை மட்டும் அடைத்திருக்கும் நாள்களும் உண்டு. எது என்று தெரியாமல் பணம் கொடுப்பதைவிட, பெட்ரோல் எந்த இடம் வரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று வரிசையாகப் பார்ப்பது நல்லது. அதற்கு ஒரு ஸ்பேனரும், ஒரு ஸ்குரூ டிரைவரும், ஒரு கண்ணாடிப் போத்தலும், அரை மணி நேரப் பொறுமையும் போதும்.

மின்னாக்கி என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் தோட்டத்திலும் சந்தையிலும் வாயில் வருவது ஜெனரேட்டர்தான் என்பதால் இங்கும் அப்படியே எழுதப்படுகிறது. மூத்தவர்களுக்கு இந்த இயந்திரம் புதிதுமல்ல. லயங்களுக்குத் தேசிய மின்சாரம் வராத காலத்தில் தோட்ட நிர்வாகத்தின் பெரிய ஜெனரேட்டர் ஓடினால்தான் வீட்டில் விளக்கு. குறித்த நேரம் ஆனதும் அதுவும் நின்றுவிடும். இப்போது பேசுவது அந்த ராட்சத டீசல் இயந்திரத்தைப் பற்றி அல்ல. இரண்டு பேர் தூக்கக்கூடிய, கயிறு இழுத்துக் கிளப்பும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைப் பற்றி.

முதலில், கோளாறு பெட்ரோலில்தானா?

பெட்ரோல் இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து உள்ளே வர வேண்டும், பிளக்கில் தீப்பொறி விழ வேண்டும், சிலிண்டரில் அழுத்தம் இருக்க வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் மற்ற இரண்டையும் ஓரளவு விலக்கிவிட வேண்டும்.

இதில் அதிகம் ஏமாற்றுவது இன்ஜின் எண்ணெய். மலாயில் மின்யாக் ஹித்தாம் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். இன்றைய ஜெனரேட்டர்கள் பலவற்றில் எண்ணெய் குறைந்தால் இன்ஜினைத் தானே நிறுத்தும் சென்சார் இருக்கிறது. எண்ணெய் போதவில்லை என்றால் அது தீப்பொறியை வெட்டிவிடும். எத்தனை முறை கயிறு இழுத்தாலும் கிளம்பாது. சில மாடல்களில் இழுக்கும்போது ஒரு சிவப்பு விளக்கு மின்னும். பகலில் அது கண்ணில் படாது. எண்ணெய் சற்றே குறைவாக இருந்து, ஜெனரேட்டர் சரிவான தரையில் வைக்கப்பட்டிருந்தாலும் இதே விளைவுதான். புல்தரையிலும் ரத வண்டியிலும் சாய்ந்து நிற்கும் ஜெனரேட்டர் நின்றுபோனால், முதல் வேலை அதைச் சமமாக வைத்து எண்ணெய் அளவைப் பார்ப்பது. இதைப் பார்க்காமல் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டவர்கள் ஏராளம்.

அடுத்து பிளக். சோக்கை மூடி, ஐந்தாறு முறை கயிறு இழுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நுனி உலர்ந்து இருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது. தீப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வருகிறது.

உலர்ந்திருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். கால் தேக்கரண்டி பெட்ரோலைப் பிளக் துளை வழியாக விட்டு, பிளக்கை இறுக மாட்டி, சிந்தியதைத் துடைத்துவிட்டு, கயிறு இழுக்க வேண்டும். இன்ஜின் இரண்டு வினாடி சீறி ஓடி நின்றால், தீப்பொறியும் அழுத்தமும் சரி என்று அர்த்தம். கோளாறு பெட்ரோல் வரும் வழியில்தான் என்று துணிந்து சொல்லலாம். ஒரு சீறலும் இல்லை என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு பிளக், காயில் பக்கம் போக வேண்டும்.

பெட்ரோல் வரும் வழி

சாதாரண ஜெனரேட்டரில் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பம்ப் எதுவும் இல்லை. பெட்ரோல் தன் எடையால் தானே இறங்குகிறது. டேங்க் மூடியில் ஒரு சிறு காற்றுத் துளை. டேங்கின் அடியில் ஒரு வலை. அதற்குக் கீழே பெட்ரோல் டேப். பல மாடல்களில் டேப்பின் அடியில் கசடு தங்கும் ஒரு சிறு கிண்ணம். பிறகு ரப்பர் குழாய். அதன் முடிவில் கார்புரேட்டர்.

கார்புரேட்டருக்குள்ளும் ஒரு கிண்ணம் உண்டு. அதில் ஒரு மிதவை. வீட்டுக் கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மிதவை எழுந்து குழாயை மூடுகிறதே, அதே வேலைதான் இங்கும். பெட்ரோல் நிறைந்ததும் மிதவை எழுந்து ஓர் ஊசியைத் தள்ளும். ஊசி வழியை அடைக்கும். கிண்ணத்தில் உள்ள பெட்ரோல், ஜெட் எனப்படும் பித்தளைத் துண்டின் துளை வழியாக உறிஞ்சப்பட்டு, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் போகிறது. அந்தத் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பதினைந்து லிட்டர் பெட்ரோல் இருந்தாலும் அத்தனையும் இந்த ஊசித் துளை வழியாகத்தான் போய் ஆக வேண்டும். ரதம் இருட்டில் நின்ற கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு திருகைத் தளர்த்தினால் பாதி விடை

இந்தச் சோதனையைத் தொடங்கும் முன் இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தூரத்தில் இருக்கும் நெருப்பையும் எட்டும். கோயில் வளாகத்தில் அகல் விளக்கும் கற்பூரமும் இருக்கும், சந்தையில் கேஸ் அடுப்பு இருக்கும். ஜெனரேட்டரை அங்கிருந்து அப்பால் தூக்கிச் சென்று, இன்ஜின் ஆறிய பிறகு, திறந்த வெளியில் செய்ய வேண்டும். சிகரெட் பிடித்தபடி எட்டிப் பார்க்கும் நண்பரைத் தயங்காமல் விரட்டலாம்.

கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இரண்டு திருகுகள் தெரியும். நடுவில் இருப்பது கிண்ணத்தையே பிடித்திருப்பது. சற்றுச் சாய்வாகப் பக்கத்தில் இருப்பது பெட்ரோலை வடிக்கும் திருகு. பல மாடல்களில் இரண்டுக்கும் 10 எண் ஸ்பேனர்தான் என்பதால் அவசரத்தில் நடுத் திருகைத் தளர்த்திவிடுகிறார்கள். கிண்ணம் அசைந்து ரப்பர் வளையம் நசுங்கி, அதுவரை இல்லாத ஒழுக்கு புதிதாக வந்து சேரும்.

வடிக்கும் திருகின் கீழ் கண்ணாடிப் போத்தலைப் பிடித்து, பெட்ரோல் டேப்பைத் திறந்து, திருகைத் தளர்த்த வேண்டும். கிண்ணத்தில் ஏற்கெனவே இருந்தது முதலில் வந்துவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் கவனிக்க வேண்டியது.

நூல் பிடித்ததுபோல் நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருந்தால், டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை வழி சுத்தம். அடைப்பு அதற்குப் பிறகு, அதாவது ஜெட்டில். ஒன்றுமே வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் அடைப்பு மேலே: மூடி, வலை, டேப், குழாய், அல்லது ஒட்டிக்கொண்ட மிதவை ஊசி. முதலில் நன்றாக வந்து சிறிது சிறிதாகக் குறைந்து நின்றால், டேங்க் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்ததும் மறுபடி ஒழுகினால் காற்றுத் துளைதான் குற்றவாளி.

போத்தலில் பிடித்ததை ஊற்றிவிடாமல் ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். அடியில் முத்து முத்தாகத் தனியே நிற்கும். துருத் தூள் இருந்தால் அதுவும் அடியில் படியும். பெட்ரோல் தேநீர் நிறத்தில் இருந்து பழைய சாயம்போல் புளித்த வாடை அடித்தால் அது கெட்டுப்போனது. அதை வைத்துக்கொண்டு எந்தப் பழுதும் பார்க்க முடியாது.

மேலே அடைப்பு என்று தெரிந்தால் வேலை சுலபம். டேப்பை மூடி, கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி, போத்தலில் பிடித்தபடி டேப்பைத் திறக்க வேண்டும். இங்கே பெட்ரோல் நன்றாகக் கொட்டினால் மிதவை ஊசி ஒட்டியிருக்கிறது. கொட்டவில்லை என்றால் டேப்பின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிக் கசடை எடுத்து, டேங்கின் அடி வலையைக் கழுவ வேண்டும். ரப்பர் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் பழசானால் உள்ளே உப்பி வழியைக் குறுக்கிவிடும். விரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்கும், வளைத்தால் வெடிக்கும். அதை மாற்றும்போது பெட்ரோலுக்கு என்றே விற்கும் குழாயைக் கேட்டு வாங்க வேண்டும். மீன் தொட்டிக் காற்றுக் குழாயை மாட்டி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சில வாரங்களில் அது கல்லாகி வெடித்து, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும்.

ஓடும் விதமே நோயைச் சொல்லும்

கிளம்பி இருபது நிமிடம் நன்றாக ஓடி, தானே நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி கிளம்பி, மறுபடி நிற்கிறதா? டேங்க் மூடியின் காற்றுத் துளையை முதலில் சந்தேகிக்க வேண்டும். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்திற்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலைப் பிடித்துக்கொள்ளும். பால் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் பால் வராததுபோல. நின்றதும் மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் ஐயமே வேண்டாம். பெட்டிபோல் மூடிய சிறிய இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்களில் மூடியின் மேலேயே காற்றுத் துளைக்கு ஒரு திருகு இருக்கும். காரில் ஏற்றும்போது மூடியதை மறுபடி திறக்க மறந்துவிடுவதே பாதிக் கதை.

சோக்கை மூடி வைத்தால் ஓடுகிறது, திறந்தால் நிற்கிறது என்றால் பெட்ரோல் போதவில்லை. சோக் காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுகிறது. அதனால்தான் அரைகுறையாக ஓடுகிறது. ஜெட் பாதி அடைத்திருக்கிறது. திருவிழா முடியும் வரை சோக்கைப் பாதி மூடி ஓட்டிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. ஓர் இரவுக்குச் சரி. அதுவே பழக்கமானால் பிளக் கரி பிடித்துவிடும்.

சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊஞ்சலாடுகிறதா? இதுவும் பெரும்பாலும் ஜெட் அடைப்பின் குறிதான். பெட்ரோல் குறையும்போது வேகம் விழுகிறது, வேகத்தைக் காக்கும் கவர்னர் உடனே வழியை அகலத் திறக்கிறது, வேகம் அளவுக்கு மீறி ஏறுகிறது, கவர்னர் மூடுகிறது. இதைப் பார்த்துவிட்டு கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்து வளைப்பதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. மலேசிய மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இன்வெர்ட்டர் அல்லாத சாதாரணச் சிறு ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை அந்த 50 ஹெர்ட்ஸைத் தர, நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழன்றாக வேண்டும். வேகம் ஊஞ்சலாடினால் மின்சாரமும் ஊஞ்சலாடும். ரத விளக்குகள் மங்கிப் பிரகாசிப்பதோடு போனால் பரவாயில்லை. அதே ஒயரில்தான் ஒலிபெருக்கிச் சாதனமும், கடைக்காரரின் உறைபெட்டியும் மாட்டியிருக்கும். வாடகைக்கு எடுத்த ஒலிச் சாதனம் எரிந்துபோனால் கார்புரேட்டர் செலவு சில்லறையாகத் தெரியும். ஊஞ்சலாடும் ஜெனரேட்டரிலிருந்து முதலில் இவற்றைப் பிடுங்கிவிட வேண்டும்.

சுமை இல்லாதபோது நன்றாக ஓடி, உறைபெட்டியையோ சோறு சமைக்கும் பானையையோ மாட்டியதும் அடங்கிப்போகிறது என்றால், இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பெரிய ஜெட் அடைத்திருக்கிறது. மற்றது, சுமையே அதிகம். ஜெனரேட்டரின் தகட்டில் எழுதியிருக்கும் வாட்ஸ் அளவையும் மாட்டிய சாதனங்களின் வாட்ஸையும் கூட்டிப் பார்த்தால் தெரியும். உறைபெட்டி கிளம்பும் கணத்தில் ஓடும் அளவைவிடப் பல மடங்கு இழுக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கறுப்புப் புகையும் நனைந்த பிளக்கும் எதிர்ப் பக்கம்: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. சோக் திறக்காமல் சிக்கியிருக்கும், அல்லது ஏர் பில்டர் தூசியால் அடைந்திருக்கும். செம்மண் தோட்டத்துச் சாலையில் ரதத்தின் பின்னால் வரும் ஜெனரேட்டருக்கு இது சகஜம்.

கவனமாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிகிறது என்றால் மிதவை ஊசி மூடவில்லை. டேப்பை மூடாமல் விட்டால் அந்தப் பெட்ரோல் இரவெல்லாம் இன்ஜினுக்குள் இறங்கி எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய் அளவு காரணமில்லாமல் உயர்ந்திருக்கிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால் ஜெனரேட்டரைக் கிளப்பவே கூடாது. நீர்த்துப்போன எண்ணெயில் ஓடும் இன்ஜின் உள்ளே தேய்ந்து நாசமாகும். எண்ணெய் முழுவதையும் வடித்து மாற்றி, ஊசியைச் சரிசெய்த பிறகுதான் கயிற்றைத் தொட வேண்டும்.

கார்புரேட்டரைக் கழுவுதல்

கழற்றுவதற்கு முன் கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டால் பிறகு திண்டாட வேண்டியதில்லை. ஸ்பிரிங்கும் கம்பியும் எந்தத் துளையில் மாட்டியிருந்தன என்பது பத்து நிமிடத்தில் மறந்துபோகும். பல நேரங்களில் கார்புரேட்டரை முழுதாகக் கழற்றவும் வேண்டியதில்லை. டேப்பை மூடி, பெட்ரோலை வடித்து, நடுத் திருகைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வந்துவிடும்.

கிண்ணத்தின் அடியில் பழுப்பு நிறப் பிசின், வெள்ளை உப்பு, அல்லது துரு படிந்திருந்தால் காரணம் கண்முன்னே இருக்கிறது. பிசின் பழைய பெட்ரோலின் வேலை. வெள்ளையும் துருவும் தண்ணீரின் வேலை. மேலே நோக்கினால் நடுத்தூணுக்குள் பித்தளை ஜெட் தெரியும். வாய்க்குப் பொருந்தும் அகலமான ஸ்குரூ டிரைவரால் திருக வேண்டும்; பித்தளை மெதுவானது, சிறிய டிரைவர் அதன் வாயைச் சிதைத்துவிடும். ஜெட் வந்த பிறகு அதற்கு மேல் உள்ள துளைகள் நிறைந்த குழலும் நழுவி வரும். அந்தச் சிறு துளைகள் எல்லாமே திறந்திருக்க வேண்டும்.

ஜெட்டை வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால் வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியவில்லை என்றாலும், புள்ளி கோணலாக இருந்தாலும் அடைப்புதான். கார்புரேட்டர் கிளீனர் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, காற்றால் ஊதலாம். பிடிவாதமான அடைப்புக்குப் பழைய ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை ஏற்றது. ஊக்கு, தையல் ஊசி, இரும்புக் கம்பி எதுவும் கூடாது. அவை துளையை அகலமாக்கிவிடும். அதற்குப் பிறகு அந்த ஜெட் என்றைக்கும் சரியான அளவு பெட்ரோலைத் தராது. ஈர்க்குக் குச்சியும் வேண்டாம். நுனி உள்ளேயே ஒடிந்தால் எடுப்பது பெரும்பாடு.

இத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் "கழுவினேன், ஆனாலும் சரியாகவில்லை" என்கிறார்கள். பல மாடல்களில் இரண்டாவதாக ஒரு சிறு ஜெட் கார்புரேட்டரின் மேல்பக்கத்தில், ஒரு திருகுக்குக் கீழே ஒளிந்திருக்கும். சுமை குறைவாக இருக்கும்போது பெட்ரோல் தருவது இதுதான். இதன் துளை இன்னும் சிறியது. ஊஞ்சலாட்டம் போகவில்லை என்றால் இதையும் எடுத்துக் கழுவ வேண்டும்.

கிளீனர் தெளிக்கும்போது ரப்பர் வளையங்களையும் மிதவையையும் எடுத்துவிட வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும். ஒரு துளையில் தெளித்தது மறுதுளை வழியாக நேராக முகத்தில் பீய்ச்சும்.

மூடுவதற்கு முன் ஊசியைச் சோதிப்பது ஒரு நிமிட வேலை. கீழே பாத்திரம் வைத்து டேப்பைத் திறந்து, மிதவையை விரலால் மெல்ல உயர்த்தினால் பெட்ரோல் நிற்க வேண்டும், விட்டால் வர வேண்டும். உயர்த்தியும் ஒழுகினால் ஊசி நுனியில் தூசி இருக்கிறது, அல்லது நுனி தேய்ந்துவிட்டது. மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்ப்பதும் நல்லது; உள்ளே சலசலத்தால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு கிண்ணத்தின் உட்புறம் அரித்துக் குழி விழுந்திருந்தால் புதிய கார்புரேட்டர் வாங்குவதே சரி. அப்போது பட்டறைக்காரர் சொல்வதில் தவறில்லை.

பம்ப் உள்ளவை

உணவு லாரிகளிலும், குடும்பத்தோடு தங்கிப் பயணம் செய்யும் கேம்பர் வேன்களிலும் டேங்க் கீழே இருந்தால் பெட்ரோல் தானாக இறங்காது. பம்ப் இழுக்க வேண்டும். இங்கே கோளாறின் முகம் வேறு. உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் வெடிப்பு இருந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. பெட்ரோலுக்குப் பதில் காற்று உள்ளே போகும். ஒழுக்கு இல்லையே என்று குழாயை நல்லதென்று நினைத்துவிடக் கூடாது. மின்சார பம்ப் என்றால் சுவிட்சைப் போட்டதும் டக் டக் என்ற சத்தமோ முனகலோ கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பியூசையும் ஒயரையும் பார்க்க வேண்டும். இன்ஜினின் துடிப்பாலேயே இயங்கும் சிறு பம்ப் என்றால் அதற்குப் போகும் மெல்லிய காற்றுக் குழாய் கழன்றிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வண்டியின் டேங்கிலிருந்தே ஜெனரேட்டரும் எண்ணெய் எடுக்கும் வகைகளில், ஜெனரேட்டரின் குழாய் அடிவரை போகாது. வண்டி வீடு திரும்ப எண்ணெய் மிஞ்சட்டும் என்று அப்படி அமைத்திருப்பார்கள். ஆகவே மீட்டர் கால் டேங்க் காட்டும்போதே ஜெனரேட்டர் நின்றுவிடலாம். அது பழுதல்ல.

காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் வைத்து ஓட்டினால் வெப்பத்தில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைக்கும். சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும். டேங்க் மூடியைத் திறந்தும் பயனில்லை என்றால் இது காரணமாக இருக்கலாம்.

இப்படி வண்டியில் வைத்து ஓட்டுகிறவர்களும், மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை வீட்டு முன்கூடத்திலோ கடையின் உள்ளேயோ இழுத்து வைக்கிறவர்களும் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்கி, தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. கதவு, சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் ஆள் இல்லாத பக்கம் பார்க்கும்படி வெளியே வைக்க வேண்டும். யாருக்காவது தலை சுற்றினால் உடனே அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 999 எண்ணை அழைக்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கியது

2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் வெள்ளம் வீடுகளுக்குள் ஆளுயரம் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி மூழ்கிய ஜெனரேட்டரை உலர்த்திவிட்டு உடனே கயிறு இழுக்கக் கூடாது. டேங்க், கார்புரேட்டர், இன்ஜின் எண்ணெய் மூன்றிலும் தண்ணீர் இருக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அழுத்த முடியாமல் உள்ளே இருக்கும் கம்பியே வளைந்துவிடும். எல்லாவற்றையும் வடித்து, பிளக்கைக் கழற்றிய நிலையில் மெல்ல இழுத்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மின்சாரம் உண்டாக்கும் பகுதியை அந்த வேலை தெரிந்தவர் சோதித்த பிறகே ஓட்ட வேண்டும்.

திருவிழா முடிந்த இரவு

மற்றபடி இந்தக் கோளாறுகளில் பெரும்பங்கு ஒரே இடத்தில் பிறக்கிறது: திருவிழா முடிந்ததும் ஜெனரேட்டரை அப்படியே கிடங்கில் தள்ளிவிடுவது. உள்ளே மிச்சமிருக்கும் பெட்ரோல் நம் வெயிலில் ஓரிரு மாதங்களிலேயே கெடத் தொடங்கும். எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோக, மீதி காற்றோடு சேர்ந்து பிசினாகிக் கிண்ணத்தில் உறையும். அரை டேங்க் காலியாக இருந்தால் ஈரக்காற்று உள்ளே குளிர்ந்து தண்ணீராகப் படியும். அடுத்த ஆண்டு கொடியேற்றத்திற்கு முதல் நாள் வெளியே எடுத்து, பழைய எண்ணெயின் மேலேயே புதிய எண்ணெயை ஊற்றிக் கயிறு இழுத்தால் வேறென்ன நடக்கும்? ரோன் 97 ஊற்றினால் அடைப்பு கரையும் என்று சிலர் சொல்வது வீண் செலவு. சிறு ஜெனரேட்டர்களுக்கு ரோன் 95 தாராளம். அடைத்த ஜெட்டை எந்தப் பெட்ரோலும் திறக்காது.

செய்ய வேண்டியது கால் மணி நேர வேலை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து தானே நிற்கும் வரை விட வேண்டும். ஆறியதும் வடிக்கும் திருகைத் தளர்த்தி மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். டேங்கில் இருப்பதை வேறு வண்டிக்கு ஊற்றிப் பயன்படுத்திவிடலாம். சந்தைக்காரர்கள் வாரந்தோறும் ஓட்டுவதால் டேங்கைக் காலி செய்யத் தேவையில்லை. கடை மூடும்போது டேப்பை மூடினால் போதும். வெள்ளத்திற்காக வீட்டில் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை, ஒரு மின்விசிறியையாவது மாட்டி, கால் மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்குகிறது. அக்டோபரில் ஒருமுறை ஓட்டாவிட்டால் தேவைப்படும் இரவில்தான் கோளாறு தெரியவரும்.

கேனில் பெட்ரோல் வாங்கிச் சேர்த்து வைக்க நினைப்பவர்கள், மானியப் பெட்ரோலைக் கேனில் விற்பதற்குக் கட்டுப்பாடு இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். எண்ணெய் நிலையத்திலும் வட்டார உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கேனும் பெட்ரோலுக்கு உரியதாக இருக்க வேண்டும். குளிர்பானப் போத்தல் ஆகாது.

ஆலய நிர்வாகங்களில் பொறுப்பாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். யார் எப்போது பெட்ரோல் ஊற்றினார், எப்போது வடித்தார், எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பது புதியவருக்குத் தெரியாது. ஒரு சிறு அட்டையில் இந்த மூன்று தேதிகளையும் எழுதி ஜெனரேட்டரின் கைப்பிடியில் கட்டிவிட்டால், அடுத்த முறை மூடியைத் திறக்கிறவர் கைபேசி வெளிச்சத்தில் ஊகிக்க வேண்டியதில்லை.